முதல் ரேஸ் சைக்கிள்: முதலில் காற்று, அடுத்து அளவு, அப்புறம்தான் விலை

ஒவ்வொரு செப்டம்பரிலும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. 13, 15, 17 வயதுக்குள் என்று பிரித்து, 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓட்டவிடுவார்கள். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த சைக்கிளில்தான் வர வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பலருக்கு சைக்கிள் ரேஸ் என்றால் இதுதான் முதல் அறிமுகம். அப்புறம் படிப்பு, வேலை, குடும்பம் என்று வருடங்கள் ஓடிவிடும். முப்பதைத் தாண்டியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆர். பக்கம் போகும்போது, வளைந்த கைப்பிடி வண்டிகளில் இருபது பேர் ஒரே கொத்தாகச் சர்ரென்று கடந்து போவதைப் பார்த்ததும் அந்தப் பழைய ஆசை திரும்பி வரும். உடனே எழும் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: எந்த வண்டி வாங்கலாம், எவ்வளவு ஆகும்?

கேள்வியில் தப்பில்லை. ஆனால் சாலை ரேஸில் ஒருவரை முன்னே கொண்டுபோவது எது, பின்னே தள்ளுவது எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், எடை எவ்வளவு, கார்பனா அலுமினியமா, எத்தனை கியர் என்று பேசிப் பேசியே தேவையில்லாத இடத்தில் ஒரு லட்சம் ரூபாயைக் கொட்டிவிட்டு, தேவையான இடத்தில் ஆயிரம் ரூபாய்கூடச் செலவழிக்காமல் வந்துவிடுவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வண்டி உங்கள் உடம்புக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும், கீழே போட்டால் மனசு உடையாத விலையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், காரணம் காற்று. ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ, தட்டையான ரோடு, காற்று அடிக்காத காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 140 வாட் சக்தி வேண்டும். ஓரளவு பழகிய யாராலும் இதை ஒரு மணி நேரம் தர முடியும். அதே ஆள் 40 கிலோமீட்டரில் போக வேண்டுமானால் 300 வாட் பக்கம் வந்துவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, உழைப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி, வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காகும் கணக்கு இது. 30 கிலோமீட்டரிலேயே உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. டயர் உருள்வதற்கும் செயின் சுற்றுவதற்கும் போவது மிச்சம். அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பகுதியை உண்டாக்குவது வண்டி இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பு. பிரேக் லீவர் மேல் கை வைத்து நிமிர்ந்து போகிறவர், கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து முழங்கையை மடக்கிக் குனிந்தால், 35 கிலோமீட்டர் வேகத்தில் இருபது வாட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். உயரமான ரிம் வைத்த விலையுயர்ந்த கார்பன் சக்கரங்கள் இதே வேகத்தில் தருவது சில வாட்கள்தான்.

இதைவிடப் பெரிய மிச்சம் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். டிராஃப்டிங் என்பது இதுதான். கூட்டம் பெரிதானால் இன்னும் நம்ப முடியாத அளவுக்குப் போகும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழு 2018இல் 121 பேர் கொண்ட கொத்தை வைத்து ஆராய்ந்தது. நடுவிலும் பின்னாலும் பாதுகாப்பான இடத்தில் இருப்பவர், அதே வேகத்தில் தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதத்தை மட்டுமே சந்திக்கிறார் என்று தெரியவந்தது. டூர் டி பிரான்ஸில் நான்கு மணி நேரம் கும்பலாகப் போய்விட்டு கடைசி இருநூறு மீட்டரில் மட்டும் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்களே, அதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஸ்பிரிண்டர் அதுவரை சக்தியைச் சேமித்து வைத்திருந்தார், அவருடைய அணிக்காரர்கள் அவருக்காகக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். சிலர் முன்கூட்டியே பிரிந்து ஓடுவதும், எதிரணிக்காரர்களே அந்தச் சிறு கூட்டத்தில் முறைபோட்டு ஒருவருக்கொருவர் காற்றை மறைப்பதும், கடைசி ஐந்து கிலோமீட்டரில் அந்த ஒற்றுமை சட்டென்று உடைவதும் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறக்கிற நாடகம். சாலை ரேஸை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணமும் அதுதான். அதிக வலுவுள்ளவர் ஜெயிப்பார் என்ற உத்தரவாதம் இதில் கிடையாது.

ஆக, இந்த விளையாட்டில் முதலில் சம்பாதிக்க வேண்டிய சொத்து, இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் பதறாமல் ஓட்டும் பழக்கம். இதைக் கடையில் விற்பதில்லை. ஆறு லட்ச ரூபாய் வண்டியில் வந்தவர் கூட்டத்துக்குப் பயந்து இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டினால், அறுபதாயிரம் ரூபாய் வண்டியில் அரை மீட்டரில் ஒட்டிக்கொண்டு போகிறவர் அவரைவிடக் குறைவாகத்தான் உழைக்கிறார்.

ரேஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் வகைகள் இருக்கின்றன. டைம் டிரயல் என்றால் ஒருவர் பின் ஒருவராக, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளிவிட்டு அனுப்புவார்கள். டிராஃப்டிங் கூடாது, கடிகாரத்தோடு மட்டும் சண்டை. நம் ஊரில் புதியவர்களுக்கு இதுதான் பத்திரமான வாசல், ஏனென்றால் அடுத்தவர் செய்யும் பிழையில் நீங்கள் விழ மாட்டீர்கள். ரோடு ரேஸ் என்றால் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவது. கிரிட்டேரியம் என்பது ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுவது, வளைவுக்கு வளைவு வேகம் எடுக்க வேண்டியிருப்பதால் மூச்சு வாங்கவைக்கும். 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நடக்கும் பிரெவே ஓட்டங்களைச் சிலர் ரேஸோடு சேர்த்துவிடுகிறார்கள். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், அதில் முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. நீண்ட நேரம் சீட்டில் உட்காரும் திடம் வருவதற்கு அது அருமையான பள்ளிக்கூடம், ஆனால் ரேஸுக்கான கால் அதில் மட்டும் வராது.

சரி, வண்டிக்கு வருவோம். ரேஸ் சைக்கிள்கள் எல்லாம் ஏன் ஒரே ஜாடையில் இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். காற்றுத் தடைதான் எதிரி என்றால் படுத்துக்கொண்டு ஓட்டும் வண்டியே போதுமே? அப்படி ஒருவர் ஓட்டியும் காட்டினார். பிரான்சின் பிரான்சிஸ் ஃபோர் 1933இல் படுத்தபடி ஓட்டும் வண்டியில், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் போகும் சாதனையை உடைத்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிளிங் சம்மேளனமான யு.சி.ஐ. அந்த வகை வண்டிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது. இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த ஃபிரேம், நிமிர்ந்த உட்காருகை என்ற வடிவம் அப்படித்தான் நிலைத்தது. 2000இலிருந்து வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்களே வண்டியின் எடையை அதற்குமேல் குறைக்க முடியாத நிலையில்தான் ஓட்டுகிறார்கள். முதல் வண்டியில் 9.8 கிலோவா 9.2 கிலோவா என்று தராசு பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

எடைக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, மலையில். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், 2008இலிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் ஓட்டத்தில் எல்லாரும் பயத்தோடும் மரியாதையோடும் பேசும் ஏற்றம் அது. அங்கே காற்று பின்னுக்குப் போய்ப் புவியீர்ப்பு முன்னுக்கு வந்துவிடும். ஆளும் வண்டியும் 72 கிலோ என்றால், வண்டியில் இரண்டு கிலோ குறைப்பது மொத்தத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சமாகும். மாநில அளவில் பதக்கத்துக்குப் போட்டி போடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். முதல் வருடக்காரருக்கு, ஒழுங்காகச் சாப்பிட்டு ஆறு மாதம் தொடர்ந்து மிதித்தால் அதைப் போலப் பல மடங்கு தானாக வரும்.

அளவு விஷயத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். நம் ஊர்க் கடைகளில் நடு அளவும் பெரிய அளவும்தான் அதிகம் நிற்கும். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவரிடம், பெண்களிடம் இன்னும் அதிகமாக, "சீட்டை இறக்கிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி 54 என்ற பெரிய ஃபிரேம் அளவைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். சீட்டை இறக்கலாம், கைப்பிடியை உங்களிடம் கொண்டுவர முடியாது. கை நீண்டு, தோள் இறுகி, ஒரு மணி நேரத்தில் கழுத்து கடுக்க ஆரம்பிக்கும். குனியவே முடியாதவர் காற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அளவு பார்க்க ஸ்டேக், ரீச் என்று இரண்டு எண்கள் உண்டு. ஸ்டேக் என்பது இரண்டு பெடல்களும் சுற்றும் நடு அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி எவ்வளவு உயரம் என்பது, ரீச் என்பது அதே அச்சிலிருந்து முன்னால் எவ்வளவு தூரம் என்பது. ஒரு கம்பெனியின் 52ம் இன்னொன்றின் 52ம் ஒன்றாக இருக்காது, ஆனால் ஸ்டேக்கையும் ரீச்சையும் வைத்து எந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடலாம். ஒவ்வொரு மாடலின் அளவுப் பட்டியலிலும் இந்த இரண்டு எண்களும் இருக்கும், கடைக்காரர் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே ஒரு அளவை எடுத்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், கால்கள் ஒரு சாண் இடைவெளியில் இருக்கட்டும். அட்டை தடிமனான ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்தி, புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளது உங்கள் உள்கால் நீளம். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல்கள் சுற்றும் அந்த நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைக்கும். 78 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 69. இது வேதவாக்கு இல்லை. பெடல் கீழே இருக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடக் கூடாது, அதைப் பார்த்து அரை சென்டிமீட்டர் ஏற்றலாம் இறக்கலாம். ஓரிரு மாதம் ஓட்டியபின் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பைக் ஃபிட்டிங், அதாவது வண்டியை உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்வது, செய்துகொள்வது சக்கரம் மாற்றுவதைவிட உருப்படியான செலவு.

வளைந்த கைப்பிடி வண்டிகளிலும் இரண்டு குணம் உண்டு. சுத்த ரேஸ் வண்டியில் கைப்பிடி தாழ்ந்தும் தூரமாகவும் இருக்கும், எண்டூரன்ஸ் வகையில் கொஞ்சம் உயர்ந்தும் பக்கத்திலும் இருக்கும். மேசை முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதுகுக்கு முதல் வண்டியாக எண்டூரன்ஸ் வகையே பொருந்தும் என்பது என் அனுபவம். அதிலும் ரேஸ் ஓட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். உடம்பு வளைய வளைய, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே போட்டுக் கைப்பிடியைத் தாழ்த்திக்கொண்டே போகலாம்.

ஃபிரேம் அலுமினியமாகவும் முன் ஃபோர்க் கார்பனாகவும் இருந்தால் போதும். கார்பன் ஃபிரேம் நல்ல பொருள்தான், ஆனால் ரேஸ் என்றால் விழுவதும் அதில் அடக்கம். கார்பனில் உள்ளே விழுந்த விரிசல் சில சமயம் வெளியே தெரியாது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர்தான். இன்றைய நிலவரத்தில் ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் அல்லது சோரா என்ற கியர் செட் பொருத்திய அலுமினிய வண்டி பொதுவாக ஐம்பதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் ரூபாய் எல்லைக்குள் கிடைக்கும், அதே கம்பெனியின் 105 என்ற செட் வந்தால் லட்சத்தைத் தாண்டிவிடும். விளையாட்டுப் பொருள் கடையான டெக்கத்லானின் டிரைபன் வண்டிகளில் தொடங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். அதைக் கடைச் சரக்கு என்று ஒதுக்கினவர்களும் உண்டு. அதே நிறுவனத்தின் வான் ரைசல் வண்டிகளில் 2024இலிருந்து ஒரு பிரெஞ்சு அணி டூர் டி பிரான்ஸ் ஓட்டுகிறது. ஷிமானோ செட்களில் பின்சக்கரத்துப் பல்வட்டுகள் கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, 105 இப்போது 12 என்று எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை கூடக்கூட ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையே தாவல் குறையும், கூட்டத்தில் ஒரே வேகத்தில் போகும்போது அது சுகம். முதல் வருடத்துக்கு 8 அல்லது 9 தாராளம். டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா என்பதில் நீண்ட விவாதம் வேண்டாம். மழையிலும் மலை இறக்கத்திலும் டிஸ்க் நம்பிக்கை தரும், 2018இல் யு.சி.ஐ.யும் முழுமையாக அனுமதித்துவிட்டது. மலிவாக நல்ல ரிம் பிரேக் வண்டி கிடைத்தால் அதையும் விட வேண்டாம்.

கியரின் எண்ணிக்கையைவிட அதன் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். செயினை ஒரு பல்வட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் கியருக்கே 1937 வரை டூர் டி பிரான்ஸில் அனுமதி கிடையாது. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் ஆல்ப்ஸ் மலையில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல்வட்டில் செயின் வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். நமக்கு அந்த வீரம் தேவையில்லை. முன்னால் சின்ன வட்டில் 34 பல், பின்னால் பெரிய வட்டில் 32 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டர் நகரும். பத்து சதவீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9.4 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய 200 வாட். இதே ஏற்றத்தை இதே சக்தியில் பழைய ரேஸ் வண்டிகளின் 39க்கு 25 கியரில் ஏறினால், மிதிப்பு நிமிடத்துக்கு 48க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் பெடல்மேல் போட வேண்டும், மூட்டு வலி அங்கிருந்துதான் தொடங்கும். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று போகும் எண்ணம் இருந்தால் 34க்கு 32ஐவிடக் கனமான கியர் உள்ள வண்டி வாங்க வேண்டாம்.

டயர் பற்றிக் கொஞ்சம். மெலிசான டயர், கல்லு மாதிரி காற்று, அதுதான் வேகம் என்று பல வருடம் எல்லாரும் நம்பினார்கள். 23 மில்லிமீட்டர் அகல டயரில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு போவார்கள். இப்போது தொழில்முறை ஓட்டக்காரர்களே 28க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். நிஜ ரோட்டில் சிறு சிறு கரடுமுரடுகள் உண்டு. இறுகிய டயர் ஒவ்வொன்றிலும் துள்ளி வண்டியையும் உங்களையும் மேலே தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலுக்கான சக்தியும் உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகலமான டயர் அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். 60 கிலோ ஆள் 28 டயரில் 65, 70 பி.எஸ்.ஐ. வைத்தால் போதும், நம் ரோட்டுக்கு இது வேகம் மட்டுமில்லை, மணல் சிதறிய திருப்பத்தில் பிடிமானமும்கூட. வாங்கும்போதே ஃபிரேமில் 28 நுழையுமா, முடிந்தால் 32 நுழையுமா என்று பார்த்துவிடுங்கள். புது வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் கனமான, மலிவான சரக்கு. அதைத் தேய்த்துத் தீர்த்தபின் நல்ல டயர் இரண்டு போட்டால், குறைந்த காசில் உண்மையான வேகம் கிடைக்கும் மாற்றம் அதுதான்.

பழைய வண்டி வாங்கினாலும் தப்பில்லை, ஆசையாக வாங்கி இரண்டு மாதத்தில் மூலையில் சாத்தியவர்கள் எப்போதும் இருப்பார்கள். செயினை மட்டும் அளந்து பாருங்கள். ஒரு இரும்பு ஸ்கேலின் சுழியை ஒரு ஊசியின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு வந்து நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டிய கட்டம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பின்னால் இருக்கும் பல்வட்டுகளையும் அது தின்றிருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க், ஃபிரேமின் இணைப்புகள், சீட் போஸ்ட் இவற்றைத் துணியால் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பெயிண்டில் கோடு மாதிரி விரிசல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புதுசோ பழசோ, டீரெய்லர் ஹேங்கர் ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். பின் டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், ரேஸுக்கு முந்தின நாள் திருச்சியிலோ மதுரையிலோ கடை கடையாக அலைந்தாலும் கிடைக்காது.

கையில் எண்பதாயிரம் இருந்தால் எண்பதாயிரத்துக்கும் வண்டி வாங்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் எந்த ரேஸிலும் நிற்கவிட மாட்டார்கள், ரேஸ் இல்லாத நாளிலும் அது தலையில் இருக்க வேண்டும். நல்ல பேட் வைத்த ஷார்ட்ஸ், காற்றளவு காட்டும் நிற்கும் பம்ப், உபரி டியூப், முன்பின் விளக்கு என்று பத்துப் பதினைந்தாயிரம் போய்விடும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் இரண்டாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம். அதை முதலில் வெறும் மைதானத்தில், காலைத் திருப்பிக் கழற்றுவது யோசிக்காமல் வரும்வரை பழகுங்கள். கைப்பிடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோ பார் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் ரேஸில் செல்லாது, பிரேக்கிலிருந்து கை தூரமாக இருப்பதால் குழுப் பயிற்சியிலும் அது ஆபத்து.

வண்டி வந்ததும் முதல் மூன்று மாதம் ரேஸை மறந்துவிட்டு, வாரம் ஆறேழு மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஓட்டுங்கள். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை, தொடை எரியும்படி. தினமும் அரைகுறையாக மூச்சுமுட்ட ஓட்டுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது, அதனால்தான் சீக்கிரமே ஒரு இடத்தில் தேங்கி நின்றுவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் பக்கம் இருக்கும், கூட வெல்லம் சேர்ந்த கடலை மிட்டாய், தண்ணீரில் கரைத்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. நம் வெயிலில் மணிக்கு ஒரு பாட்டில் என்பது குறைந்தபட்சம்.

கூட்டத்தில் ஓட்டும் கலையை ஒரு குழுவோடுதான் கற்க முடியும். சென்னையில் டபிள்யூ.சி.சி.ஜி. என்ற பெரிய குழு பகுதிவாரியாகப் பிரிந்து ஓட்டுகிறது, மற்ற ஊர்களிலும் காலை ஐந்து மணிக்கு டீக்கடை வாசலில் கூடுகிறவர்களைக் கேட்டால் வழி தெரியும். அங்கே முதலில் சொல்லித்தரும் விதி, சக்கரத்தோடு சக்கரத்தைப் பக்கவாட்டில் பின்னிக்கொள்ளாதே என்பது. உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும்போது அவர் ஒரு குழிக்காக ஒரு சாண் நகர்ந்தால் போதும், சக்கரங்கள் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் தரையில் கிடப்பீர்கள், உங்கள் பின்னால் வருபவர் உங்கள்மேல் விழுவார். அதனால் பார்வை அவர் டயரிலேயே நிலைத்திருக்கக் கூடாது, அவருடைய தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும். சட்டென்று பிரேக் பிடிக்காமல், மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்தியும், அரை அடி விலகிக் காற்றை வாங்கியும் வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். குழியைக் கையால் காட்ட வேண்டும், "கார்", "நிறுத்து" என்று சத்தம் கொடுக்க வேண்டும். முன்னால் உங்கள் முறை வரும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. எல்லாரும் செய்யும் பிழை இது, முன்னால் வந்ததும் உற்சாகத்தில் 32இல் போய்க்கொண்டிருந்த கூட்டத்தை 36க்கு இழுத்துவிடுவார்கள், பின்னால் வரிசை அறுந்துபோகும். ஈ.சி.ஆரில் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றே ஆசிரியர். மார்ச்சிலிருந்து மே வரை தெற்கிலிருந்து அடிப்பதால் மாமல்லபுரம் நோக்கிப் போவது கஷ்டம், திரும்புவது சுலபம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நேர்மாறு, போகும்போது பறப்பது போலிருக்கும், திரும்பும்போதுதான் மிச்சம் வைத்த சக்தி எவ்வளவு என்று தெரியும்.

ரேஸில் சேர இரண்டு வழி. குழுக்கள் நடத்தும் பொதுப் போட்டிகளில் யாரும் பதிவு செய்யலாம். மாநில, தேசிய சாம்பியன்ஷிப் பக்கம் போக வேண்டுமானால் மாநில சைக்கிளிங் சங்கத்தின் வழியாக, இந்திய சைக்கிளிங் கூட்டமைப்பின் விதிகளின்படி போக வேண்டும். வயதைப் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிடுவதில்லை, பிறந்த வருடத்தை வைத்துத்தான். டிசம்பரில் பிறந்த பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் ரேஸ் டைம் டிரயலாக இருந்தால் முதல் ஐந்து நிமிடம் அடக்கி வாசியுங்கள், அவ்வளவுதான். ரோடு ரேஸாக இருந்தால் புதியவர்கள் பயத்தில் கூட்டத்தின் கடைசியில் போய் நிற்பார்கள். பத்திரம் என்று தோன்றினாலும் அதிகம் களைக்க வைக்கும் இடம் அதுவே. நம் ஊரில் பல ரேஸ்கள் ஒரே சாலையில் போய்த் திரும்பி வரும் பாதையில் நடப்பவை, யு டர்ன் கட்டாயம் வரும். முதலில் திரும்புகிறவர் 25 கிலோமீட்டர் வேகத்தில் சுமுகமாகத் திரும்பி உடனே வேகமெடுப்பார். கடைசியில் இருப்பவர் முன்னால் நெரிசல் தீரும்வரை கிட்டத்தட்ட நின்று, பத்து கிலோமீட்டரிலிருந்து நாற்பதுக்குத் தாவிப் போய் ஒட்ட வேண்டும். இருபது யு டர்ன் என்றால் இருபது முழு ஸ்பிரிண்ட், பாதி ரேஸிலேயே கால் காலியாகிவிடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை கிலோமீட்டர் முன்னதாகவே, அவசரப்படாமல், ஓரமாக நகர்ந்து நகர்ந்து கூட்டத்தின் முன்பாதிக்கு வந்துவிடுங்கள். திருப்பத்துக்கு முன்பே இலகுவான கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், திரும்பி நிமிர்ந்ததும் சீட்டிலிருந்து எழுந்து எட்டுப் பத்து மிதி அழுத்தமாக மிதித்து முன்னவரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.